வருடத்துக்குப் பதின்மூன்று ஊசி

எங்கள் கிளினிக்கில் மாதத்துக்கு 28 நாள்தான். பிப்ரவரிக்கு மட்டுமல்ல, எல்லா மாதத்துக்கும். கணினியில் ஒரு பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறோம். அதில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் 28 நாளுக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளையின் இதயத்துக்கு ஆபத்து.

நான் தாதியாக இருப்பது ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து மேற்கே செம்மண் சாலையில் பல மணி நேரம் போனால் வரும் சிற்றூர். பிந்துபி-லுரிச்சா மொழி பேசும் பூர்வகுடி மக்கள் வாழும் இடம். "பாலைவனத்தில் அப்படி என்னம்மா வேலை?" என்று கிள்ளானிலிருந்து என் பெரியம்மா போன் போட்டுக் கேட்பார். பாதி வேலை அந்தப் பட்டியல்தான்.

தொண்டையிலோ, சிரங்குப் புண்ணிலோ குடியேறும் ஒரு வகைக் கிருமியை எதிர்த்து உடல் போராடும்போது, சில பிள்ளைகளுக்கு அந்தப் போராட்டம் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகிறது. மூட்டு வலி போய்விடும். இதயத்தின் வால்வில் விழுந்த தழும்பு போகாது. திரும்பத் திரும்பத் தாக்கினால் வால்வு கெட்டு, பதின்ம வயதிலேயே அறுவை சிகிச்சை வரை போகும். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளைத்தான் இந்த வாதக் காய்ச்சல் அதிகம் பிடிக்கிறது. சிட்னியிலும் மெல்பர்னிலும் வசதியாக வாழும் குடும்பங்களில் இது ஏறக்குறைய மறைந்தே போன நோய். அதே நாட்டின் பூர்வகுடி ஊர்களிலோ, உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று என்று சொல்லும் அளவுக்கு இருக்கிறது. இரண்டு மூன்று அறை வீட்டில் பதினைந்து பேர் படுத்தால், குழாய் உடைந்து வாரக்கணக்கில் கிடந்தால், துணி துவைக்கும் இயந்திரம் ஓடவில்லை என்றால், கிருமிக்குக் கொண்டாட்டம். இதற்கு உண்மையான மருந்து வீடும் தண்ணீரும்தான். என் கையில் இருப்பது ஊசி.

அந்த ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்து பால் போல் கெட்டியாக இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்கி, மெதுவாக, மிக மெதுவாகச் செலுத்த வேண்டும். அப்படியும் வலிக்கும். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு இதைக் குறைந்தது 5 ஆண்டு, அல்லது 21 வயது வரை, எது பிந்தி வருகிறதோ அதுவரை போடச் சொல்கிறது இங்குள்ள வழிகாட்டி. இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் இன்னும் நீளும். ஒன்பது வயதுப் பையனிடம் இதை எப்படிச் சொல்வது? நான் சொல்வதில்லை. அடுத்த ஊசி எந்தப் பிட்டத்தில் என்பதை அவனே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்த ஓர் உரிமையாவது அவனுக்கு இருக்கட்டுமே.

கிளினிக்கில் உட்கார்ந்து காத்திருந்தால் பட்டியல் குறையாது. மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, வண்டியை எடுத்துக்கொண்டு பிள்ளையைத் தேடிப் போக வேண்டும். ஒரு வீட்டில் இல்லை என்றால் பாட்டி வீடு, அங்கும் இல்லை என்றால் காற்பந்துப் போட்டி, இல்லாவிட்டால் 200 கிலோமீட்டர் தள்ளி ஒரு துக்க வீடு. யார் எங்கே என்பது எனக்குத் தெரியாது. என்னோடு வரும் பூர்வகுடி சுகாதாரப் பணியாளருக்குத் தெரியும். 2012 முதல் தேசிய அளவில் பதிவு பெற்ற தொழில் அது. உதவியாளர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வண்டியில் இல்லாத நாள்களில் நான் வெறும் டிரைவர்.

முதல் வாரத்தில் ஒரு சிறுமி வாசலில் இருந்தவரைப் பார்த்து "மாமா!" என்று கூப்பிட்டாள். என் காது நிமிர்ந்தது. அந்த மொழியில் 'மாமா' என்றால் அப்பா! தாய்மாமனுக்குக் 'கமுரு'. சொல் மாறினாலும் கணக்கு நமக்குப் பழகியதுதான். அப்பாவின் சகோதரர்களும் 'மாமா'தான், அம்மாவின் சகோதரிகளும் அம்மாதான். நாம் பெரியப்பா, சித்தப்பா, சின்னம்மா என்று சொல்வதில்லையா, அதுபோல. மானிடவியலாளர்கள் இந்த ஒற்றுமையை வெகுகாலமாகவே எழுதி வருகிறார்கள். சம்மதப் படிவத்தில் 'தாய்', 'தந்தை' என்று ஒரேயொரு கட்டம் வைத்தவர்களுக்கு இது விளங்காது. பெரியம்மா கையெழுத்துப் போட வந்து நின்றபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான மரியாதை. ஆகவே இருவரையும் ஒரே வண்டியில் ஏற்ற முடியாது. பெட்ரோல் செலவைப் பார்ப்பவர்களுக்கு இது எரிச்சல். எங்களுக்கு இரண்டு பயணம், அவ்வளவுதான்.

இத்தகைய மருத்துவச் சேவைகளில் பல, அந்த மக்களே தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவின் கீழ் இயங்குகின்றன. சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971ல் முதலாவது தொடங்கியது. 1973ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் காங்கிரஸ் அமைப்பு உருவானது. மருத்துவமனைக்குப் போனால் அவமதிப்பு என்று ஒதுங்கியவர்கள், தங்களுக்கென்று ஒன்றை எழுப்பிக்கொண்டார்கள்.

அதில் எனக்கு மிகப் பிடித்தது கின்டோர் மக்களின் கதை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே சுமார் 530 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அவர்கள் ஊர். சிறுநீரகம் செயலிழந்தால் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதற்கு ஊரையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு நகரத்துக்கே குடிபெயர வேண்டும். அங்கே தனிமையில் இறப்பதைவிடச் சிகிச்சையே வேண்டாம் என்று சிலர் திரும்பி வந்தார்கள். அரசாங்கத்தைக் கேட்டுச் சலித்த அந்த ஊரின் ஓவியர்கள், பக்கத்துக் கிவிர்குராவினரோடு சேர்ந்து பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். 2000 நவம்பரில் சிட்னியின் மாநிலக் கலைக்கூடத்தில் ஏலம் நடந்தது. 10 லட்சம் ஆஸ்திரேலிய வெள்ளிக்கும் மேல் சேர்ந்தது. 2004ல் கின்டோரிலேயே டயாலிசிஸ் இயந்திரம் ஓடத் தொடங்கியது. இன்று 'பர்ப்பிள் ஹவுஸ்' என்று அழைக்கப்படும் அந்த அமைப்பு, பல தொலைதூர ஊர்களில் தாதியரை வைத்து இந்தச் சிகிச்சையை நடத்துகிறது. டயாலிசிஸ் இயந்திரம் பொருத்திய ஊதா நிற லாரி ஒன்றும் உண்டு. துக்கத்துக்கோ சடங்குக்கோ ஊர் திரும்புகிறவர்களுக்காக அது செம்மண் சாலையில் போகிறது. மிகத் தொலைதூர ஊர்களில் தாதியர் செய்யும் டயாலிசிஸுக்கு அரசு மருத்துவக் காப்பீட்டில் தனியாகப் பணம் ஒதுக்கப்பட்டது 2018ல்தான். ஓவியர்கள் 18 ஆண்டு முந்திவிட்டார்கள்.

எல்லாம் இனிமை என்று நான் சொல்லவில்லை. 2016ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் தொலைதூர ஊரொன்றில் ஒரு தாதி பணியின்போது கொல்லப்பட்டார். அதன் பிறகு அங்கே, அவசர அழைப்புக்குத் தாதி தனியாகப் போகக் கூடாது என்று 'கேல் சட்டம்' வந்தது. இரவில் கதவு தட்டப்பட்டால் இன்றும் நான் துணைக்கு ஆள் வராமல் படி இறங்குவதில்லை. மருத்துவர் பெரும்பாலும் தொலைபேசியில்தான். பறக்கும் மருத்துவச் சேவை விமானம் வந்து இறங்கும்வரை நோயாளியைக் காப்பது நம் பொறுப்பு.

இங்கு வர விரும்பும் இளம் தாதியர் சிலர், சம்பளம் எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். நல்ல சம்பளம்தான். ஆறு வார ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்களும் நிறைய. ஊர் மக்கள் புதிய தாதியிடம் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு நாள் இருப்பாய்?" என்பதே. பதிலைப் பொறுத்துத்தான் பெயரைக் கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஆகவே கேட்பவர்களிடம் நான் சொல்வது, ஒரு வருடமாவது இருக்கிற மாதிரி வாருங்கள் என்று. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்குப் பதின்மூன்று ஊசி. ஆறு வாரத்தில் வந்து போகும் தாதி அதில் ஒன்றைப் போடலாம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான் அந்தப் பையன் என் வண்டியைக் கண்டு ஓடாமல் நின்றான்.