வயிற்றில் ஒரு வாசல்

நோய் என்றதும் நாம் உடல் வலியைத்தான் நினைக்கிறோம். சில நோயாளிகளுக்கோ காயம் ஆறிய பின்னும் வெட்கம் ஆறுவதில்லை. ஸ்டோமா உள்ளவர்கள் அத்தகையோர்.

‘ஸ்டோமா’ என்பது வாய் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். புற்றுநோய், குடல் அடைப்பு, விபத்துக் காயம் போன்றவற்றால் மலம் வழமையான வழியில் வெளியேற முடியாதபோது, சத்திரசிகிச்சை மூலம் குடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து ஒரு திறப்பை அமைக்கிறார்கள். அதன் மேல் ஒட்டப்படும் பையில் மலம் சேரும். சிலருக்கு இது சில மாதங்களுக்கு. சிலருக்கு வாழ்நாள் முழுவதற்கும்.

ஸ்டோமா கன்னத்தின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. ஆனால், அடக்கி வைக்கும் தசை அங்கே இல்லாததால் காற்றோ மலமோ எந்நேரமும் வெளியேறலாம். குழந்தைப் பருவத்தில் பழகிய கட்டுப்பாட்டை வளர்ந்த பின் இழப்பது மனதை உடைத்துவிடுகிறது. ஆரம்பத்தில் சிலர் குனிந்து அதைப் பார்க்கவும் மறுப்பர். வாடை வருமோ, பை கசியுமோ என்ற பயத்தில் கல்யாண வீடுகளைத் தவிர்ப்பர், பஸ்ஸில் ஏறத் தயங்குவர், சாப்பாட்டையும் குறைத்துக்கொள்வர்.

நமது சமூகத்தில் இன்னொரு கவலையும் சேர்கிறது. “இந்தப் பையோடு என் தொழுகை கூடுமா?” தொடர்ந்து சிறுநீர் கசிபவரைப் போல, இவர்களும் மார்க்கத்தில் தக்க காரணம் உடையவர்களே. ஷாபிஈ மத்ஹபின்படி இத்தகையோர் தொழுகை நேரம் வந்த பின் சுத்தம் செய்து, ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூச் செய்து தொழலாம். மேலதிக விளக்கத்தை ஆலிம்களிடம் பெறலாம். இதை அறியாமல் தன்னை அசுத்தமானவராக எண்ணி ஒதுங்குவது வீணான வேதனை.

தாதியர் கற்றுத்தந்தபடி பையைத் தானே மாற்றப் பழகும்போது நம்பிக்கை மெல்லத் திரும்புகிறது. திறப்பை மீண்டும் மூடிய பின்னரும் பொறுமை தேவை. சிலருக்கு அடிக்கடி அவசரமாக மலம் கழிக்க நேரிடும். ‘எல்லாம் சரியாகிவிட்டதே’ என்று மற்றவர்கள் சொல்லும்போது, அவர்கள் தம் சிரமத்தை வாய்விட்டுச் சொல்லவும் தயங்குவர்.

நோயாளியை நலம் விசாரிப்பது நம் கடமை. அத்தோடு நின்றுவிடாமல், அவர் குளியலறையில் அதிக நேரம் எடுத்தால் கதவைத் தட்டாதிருப்போம். பையைப் பார்க்க நேர்ந்தால் முகம் சுளிக்காதிருப்போம். அவர் உயிரோடு நம் மத்தியில் இருப்பதற்கு அல்லாஹ் திறந்துவைத்த வாசல் அல்லவா அது!