அலுமாரிக்குள் போகும் டெப்கள்

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த நேரம் கட்டாரிலிருந்து வட்ஸ்அப் அழைப்பு வந்தது. பத்து வருடத்துக்கு முன் என்னிடம் கணிதம் படித்த மாணவன். இப்போது டோஹாவில் நல்ல தொழில்.

"சேர், இங்க இருக்கிற நம்மட ஸ்கூல் பொடியன்மார் சேர்ந்து ஒரு தொகை வைச்சிருக்கம். ஓ/எல் எடுக்கிற புள்ளைகளுக்கு 25 டெப் வாங்கிக் குடுப்பம் எண்டு யோசிக்கிறம். நீங்க என்ன சொல்றீங்க?"

நல்ல மனதோடு கேட்கிறான். "வாங்குங்க மகன்" என்று சொல்லிவிட்டால் விடயம் முடிந்தது. ஆனால் என் வாயில் அது வரவில்லை. "ரெண்டு நாள் தாங்க, யோசிச்சிச் சொல்றன்" என்றேன். அவனுக்குப் பிறகு சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். டெப் வாங்கிக் கொடுக்கும் வாப்பாமாருக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், பள்ளிவாசல் கல்விக் குழுக்களுக்கும் இதே கேள்வி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் என் வீட்டுக் கதை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு எங்கள் வீட்டில் உருப்படியான போன் ஒன்றுதான் இருந்தது. நான் அதில் வகுப்பு எடுக்க வேண்டும். அதே நேரத்தில் மகளுக்கும் சூம் வகுப்பு. பிள்ளைகள் சிக்னல் தேடி மரத்திலும் குன்றிலும் ஏறிய படங்கள் பத்திரிகைகளில் வந்த காலம் அது. 2021 ஆரம்பத்தில், மனைவியின் சீட்டுக் காசு விழுந்த கையோடு, முப்பதாயிரத்துக்குச் சற்று மேலே கொடுத்து ஒரு டெப் வாங்கினோம். பத்து அங்குலத் திரை, 2 ஜீபி ரெம், 32 ஜீபி சேமிப்பகம்.

முதல் இரண்டு வாரம் அது வீட்டில் ஒரு குழந்தை மாதிரி இருந்தது. உறை வாங்கினோம், கண்ணாடி ஒட்டினோம். யார் கையில் இருப்பது என்று மகளும் சின்னவனும் சண்டை பிடித்தார்கள். பாடத்துக்கும் பயன்பட்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் ஒக்டோபரில் பாடசாலைகள் கட்டம் கட்டமாகத் திறந்தன. டிசம்பராகும்போது டெப் அலுமாரியில், மனைவியின் கலியாணச் சாரிகளுக்குக் கீழே கிடந்தது. அதை அங்கே வைக்கும்படி யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் அது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, அந்த டெப்பின் பெறுமதி கூடியிருக்கும் என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்களே, அந்த நாட்களில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வெளிச்சமாவது ஆகட்டும் என்று எடுத்துப் பார்த்தேன். உயிர் இல்லை. கரண்ட் வந்த பிறகு சார்ஜில் போட்டும் எழும்பவில்லை. திருத்தும் கடைக்குக் கொண்டு போனால், பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டினான் பொடியன். பெட்டரி ஊதிப்போய் இருந்தது.

"பாவிச்சுப் பழுதாக்கினா பரவாயில்ல சேர். இது பாவிக்காமப் பழுதானது" என்றான்.

அவன் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. போனிலும் டெப்பிலும் இருப்பது லித்தியம் அயன் பெட்டரி. பாவித்தாலும் தேயும், சும்மா வைத்தாலும் தேயும். சாதாரணமாக ஒரு 300 தொடக்கம் 500 முழுச் சார்ஜ் ஆனபின் அதன் கொள்ளளவு சுமார் 80 வீதத்துக்கு இறங்கும். அது இயற்கை. ஆனால் சார்ஜ் முழுதும் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால், மிச்சமிருக்கும் கொஞ்ச மின்னழுத்தமும் தானாக வடிந்து ஆபத்தான மட்டத்துக்குக் கீழே போய்விடும். அதன் பிறகு பாதுகாப்புச் சுற்றே அதைச் சார்ஜ் ஏற விடாது. வெப்பம் இந்தச் சேதத்தை வேகப்படுத்தும். நம்முடைய கிழக்குப் பக்கத்துத் தகரக் கூரை வீடுகளில் மத்தியானச் சூடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நாளைக்குப் பாவிக்கப் போவதில்லை என்றால் பாதியளவு சார்ஜில் நிறுத்தி, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். ஊதிய பெட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும்.

சரி, பெட்டரி செத்தது டெப் அலுமாரிக்குப் போனதால். அலுமாரிக்கு ஏன் போனது?

என் கணிப்பு இதுதான். டெப் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பொருள். சின்ன வேலைகள் எல்லாவற்றையும் போன் செய்துவிடுகிறது. சட்டைப் பையில் இருக்கிறது, அதில்தான் சிம்மும் டேட்டாவும் இருக்கிறது. பெரிய வேலைகளுக்கு, அதாவது நீளமாக எழுத, கணக்கு அட்டவணை போட, மடிகணினி வேண்டும். டெப்பை எடுத்தால் முதலில் போனில் ஹொட்ஸ்பொட் போட வேண்டும், பிறகு சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு சின்னக் கரைச்சல் போதும், கை தானாகப் போனுக்குப் போய்விடும். ஒரு பொருள் புதிதாக இருக்கும்போது இந்தக் கரைச்சல் கண்ணில் படாது.

அப்படியானால் டெப்புக்கென்று வேலையே இல்லையா? இருக்கிறது. அதை நான் அடிமட்டம் வைத்துத்தான் கண்டுபிடித்தேன், கணித வாத்தியார் அல்லவா.

ஒரு ஏ4 தாளின் அகலம் ஏறத்தாழ 8.3 அங்குலம். 6.5 அங்குலம் என்று விற்கும் போனை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 2.7 அங்குலத்துக்குள். பரீட்சை வினாத்தாள் ஒன்றை அதில் திறந்தால் எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். விரலால் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேத்திரகணிதக் கேள்வியில் உரு ஒரு பக்கம், தரவு மறுபக்கம் போய்விடும். உருவைப் பார்க்கும்போது தரவு மறக்கும். பத்து அங்குல டெப்பைப் படுக்கையாக வைத்தால் அகலம் எட்டரை அங்குலம். வினாத்தாள் அதன் உண்மையான அளவிலேயே தெரியும். 7 அங்குல டெப் இருக்கிறதே, மலிவு என்று பலரும் வாங்குவது, அது நிமிர்த்திப் பிடித்தால் மூன்றரை அங்குலம் சொச்சம்தான். வேறொன்றுமில்லை, கொஞ்சம் தடித்த போன்.

ஆக, முழுப் பக்கத்தை வாசிப்பதுதான் டெப்பின் சொந்த வேலை. நமது பிள்ளைகளுக்கு வாசிக்க வேண்டியது இலவசமாகவே கிடக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்மொழிப் பாடநூல்கள் பிடிஎஃப் வடிவில் உள்ளன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் உள்ளன. கடந்தகால வினாத்தாள்களும் எடுக்கலாம். ஒருமுறை தரவிறக்கி வைத்துவிட்டால் பிறகு டேட்டா தேவையில்லை. இணையம் இல்லாமலே டெப் ஒரு வருடம் வேலை செய்யும். கவனம் சிதறுவதும் குறையும்.

என் வீட்டு டெப்புக்குப் புதுப் பெட்டரி போட்ட பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். மகளுக்காகத்தான் திருத்தினேன். ஆனால் அதை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது என் உம்மா. எழுபது கடந்தவர், இரண்டு கண்ணிலும் வெண்புரை சத்திரசிகிச்சை செய்தவர். வீட்டிலிருக்கும் குர்ஆன் பிரதியின் எழுத்து அவருக்குச் சிறிதாகிவிட்டது. மகள் டெப்பில் முஸ்ஹபைத் தரவிறக்கி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு முன் விறாந்தைக் கதிரையில் உம்மா, மடியில் தலையணை, அதன் மேல் டெப். வாசித்து முடிந்ததும் ரியாத்தில் இருக்கும் தம்பியோடு முகம் பார்த்து ஒரு பத்து நிமிடம் கதை. இரவு படுக்கும் முன் தானே சார்ஜில் போடுவார். ஒருநாள் பேரன் கார்ட்டூன் பார்க்க எடுத்ததற்கு வீட்டில் பெரிய பிரச்சினை.

உம்மாவுக்குத் தொழில்நுட்பம் ஒன்றும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தும் அந்த டெப் இரண்டு வருடம் சும்மா கிடந்தது. அவரிடம் இருந்தது ஒரு நேரம், ஒரு இடம், அந்தத் திரை இல்லாவிட்டால் செய்ய முடியாத ஒரு வேலை. புதுமை போனபின் ஒரு சாதனம் நிலைப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பாடசாலைப் பக்கம் வருவோம். நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலைக்கு நன்கொடையாகச் சில டெப்கள் கிடைத்தன. விழா நடந்தது, படம் எடுத்தோம், முகநூலில் போட்டோம். பிறகு அவை பொருட்பதிவேட்டில் ஏறின. பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் யார் பதில் சொல்வது? பொறுப்பான ஆசிரியர் பயந்து பூட்டி வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வகுப்பறையில் பிளக் இருந்தது ஒன்று, அதுவும் ஆடும். அடுத்த வருடம் பெட்டியைத் திறந்தபோது பாதிக்கு மேல் சார்ஜ் ஏறவில்லை. கற்பிக்கும் முறையில் ஒரு மாற்றமும் இல்லாமல் சாதனத்தை மட்டும் இறக்கினோம். நான் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் கற்பித்தல் துணைச் சாதனம் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "இதை எத்தனையாம் நிமிடத்தில் எடுப்பீர், எத்தனையாம் நிமிடத்தில் வைப்பீர்?" என்பதுதான். அந்த விழா மேடையில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இது நமது ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. பெரு நாட்டில் அரசாங்கமே கிராமப்புறப் பிள்ளைகளுக்கு மடிகணினி கொடுத்தது. 319 பாடசாலைகளை வைத்துச் செய்த ஆய்வை அமெரிக்க நாடுகளின் அபிவிருத்தி வங்கி 2012இல் வெளியிட்டது. கணினி கைக்கு வந்தது, ஆனால் கணிதத்திலும் மொழியிலும் பெறுபேறு கூடவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பாடசாலைகள் 2013இல் ஐபேட் கொடுத்தன. சில வாரங்களிலேயே மாணவர்கள் தடுப்பை உடைத்து முகநூலுக்குப் போனார்கள். அடுத்த வருடம் அந்த ஒப்பந்தமே நிறுத்தப்பட்டது. தாய்லாந்து 2012இல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டெப் கொடுக்கத் தொடங்கி 2014இல் கைவிட்டது. காசு இல்லாததால் தோற்ற திட்டங்கள் அல்ல இவை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 2 ஜீபி ரெம் உள்ளதை இன்று வாங்காதீர்கள், குறைந்தது 4 வேண்டும். 32 ஜீபி என்று பெட்டியில் இருந்தாலும் கணிசமான பங்கை இயங்குதளமே பிடித்துவிடும். மிச்சம் வட்ஸ்அப் வீடியோவால் நிரம்பினால் டெப் ஆமையாகும். அண்ட்ரொய்ட் எந்தப் பதிப்பு, எத்தனை வருடம் புதுப்பிப்புத் தருவார்கள் என்று கேளுங்கள். பெயர் தெரியாத மலிவு டெப்கள் பல, வாங்கிய பதிப்பிலேயே நின்றுவிடும். சில வருடத்தில் செயலிகள் ஒவ்வொன்றாக "உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது" என்று சொல்லத் தொடங்கும். மாறாக, 2014இல் வந்த ஐபேட் எயார் 2 ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த ஐபேட் ஓஎஸ் 15ஐயும் ஏற்றது. ஆகவே பழையது, புதியது என்பதை விட யாருடையது, எத்தனை காலம் ஆதரவு என்பதுதான் கணக்கு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் சிம் போடும் டெப் என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டரி மாற்ற உள்ளூரில் ஆள் இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் அதுதான் முதல் கேள்வி.

இரண்டு நாள் கழித்து டோஹாவுக்கு அழைத்தேன். 25 வேண்டாம், ஆறு போதும் என்றேன். பிள்ளைகளின் கையில் கொடுப்பதில்லை, நூலகத்தில் இருக்கும். ஆறிலும் கணிதம், விஞ்ஞானம், வரலாறு கடந்தகால வினாத்தாள்கள் ஏற்றியிருக்கும், யூடியூப் இருக்காது. செவ்வாயும் வியாழனும் பாடசாலை முடிந்து ஒரு மணித்தியாலம், நானும் விஞ்ஞான ஆசிரியையும் மாறி மாறி இருப்போம். ஒரு டெப்புக்கு மூன்று பிள்ளைகள், கையில் கொப்பியும் பேனையும். உடைந்தால் ஆசிரியரைக் கேட்பதில்லை என்று பழைய மாணவர் சங்கம் எழுதித் தர வேண்டும். மிச்சக் காசில் ஒரு பகுதியைப் பெட்டரிக்கென்று ஒதுக்கி, மற்றதில் கொப்பியும், வசதியில்லாத பிள்ளைகளுக்கு மூக்குக்கண்ணாடியும் வாங்கலாம். என் வகுப்பில் கரும்பலகையே தெரியாத பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. 25 என்றால் படம் நன்றாக இருந்திருக்கும், அது எனக்கும் தெரியும்.

"சேர், மத்தப் பொடியன்மாருக்கு இதை விளங்கப்படுத்துறது கஷ்டம்" என்றான்.

"என்ட உம்மாட டெப் கதையச் சொல்லுங்க மகன்" என்றேன்.

ஆறுக்கு ஒத்துக்கொண்டார்கள். மூக்குக்கண்ணாடிக்கும். டெப்கள் வருவதற்குள் நூலகத்தில் பிளக் இரண்டு போட வேண்டும், வயரிங் செய்பவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் வரவில்லை.