திருமணியில் ஓடாத மருந்தாலை

2021 மே மாதத்தை மறைமலைநகர்க் குடும்பங்கள் எளிதில் மறந்திருக்கமாட்டா. ஏப்ரலில் ஊசிக்கு அஞ்சித் தயங்கிய பலரும் மே மாதத்தில் வரிசையில் நின்றனர், ஊசியோ போதவில்லை. அதே வேளையில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய அரசு தடுப்பூசிக்கென்றே 100 ஏக்கரில் எழுப்பிய எச்.எல்.எல். பயோடெக் வளாகம் உற்பத்தியின்றிக் கிடந்தது. 2012இல் 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற திட்டமாகும் அது!

மே 25இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் பார்வையிட்டார். வளாகத்தை மாநில அரசுக்குக் குத்தகையாகத் தருமாறு பிரதமருக்குக் கடிதமும் எழுதினார்.

மக்களின் மனக்குறையை வெறும் அரசியல் என ஒதுக்குவது நியாயமன்று. தில்லியில் ஆட்சி மாறியது. ஆலை மட்டும் ஓடவில்லை. பெருந்தொற்றுக்கு முன் எட்டாண்டுகள் கைவசம் இருந்தனவே!