யாழ்ப்பாணம் போகலாமா?

"தம்பி, ரயிலில் வேலை பார்க்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணம் போய் வரலாமா?"

தாராவி 90 அடி சாலையில் குடியிருக்கும் ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்க வேண்டும் என்பது அவர் மனைவியின் நெடுநாள் ஆசை. மகனோ, "அங்கே குண்டு வெடிக்கும்" என்று தடுக்கிறானாம்!

போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டது. நம்மவர் மனதில்தான் அது இன்னும் முடியவில்லை.

தண்டவாளம்

1990-ல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. அந்தப் பாதையைத் திரும்பப் போட்டது யார் தெரியுமா? நம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் உள்ள 'இர்கான்' நிறுவனம். 2014 அக்டோபர் 13-ந் தேதி 'யாழ் தேவி' மீண்டும் யாழ்ப்பாணம் நிலையத்துக்குள் நுழைந்தது. 24 ஆண்டுகளுக்குப் பிறகு!

பலாலியிலிருந்து சென்னைக்கு 2019-லும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-லும் விமானமும் கப்பலும் தொடங்கின. இரண்டுமே இடையில் நின்று நின்று ஓடியவை. ஆகவே, விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

எதைப் பார்ப்பது?

நல்லூர் கந்தசாமி கோவில், கீரிமலைக் கேணி, பனந்தோப்புகள் உண்டு. வெள்ளை வெளேரென்று நூலகம் நிற்கிறது. 1981-ல் அது எரிக்கப்பட்டபோது சுமார் 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். எரிந்துபோன ஓலைச்சுவடிகளை யார் புதுப்பிப்பது?

ஆனையிறவில் எரிந்த கவச புல்டோசர் ஒன்றை ராணுவ நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். போர் முடிந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்த்தனர். அதே சாலையில், கிளிநொச்சியில், 2017 பிப்ரவரியில் காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார்கள் போராட்டத்தில் உட்கார்ந்தனர். ஒருவருக்கு வெற்றிச் சின்னம். மற்றவருக்கு ஆறாத புண்.

நமக்குத் தெரியாததா?

தாராவிக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். கேமராவோடு வருகிறவர்கள் சாக்கடையைப் படம் எடுக்கிறார்கள். விடியுமுன் எழுந்து இட்லி அவித்து ஊருக்கே அனுப்பும் நம் பெண்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஊருக்குப் பெயர் வைப்பவன் ஒருவன். அதில் வாழ்பவன் வேறொருவன்.

பெரியவரிடம் சொன்னேன்: "தாராளமாகப் போய் வாருங்கள், அண்ணாச்சி. நம் ஆட்கள் நடத்தும் கடையில் சாப்பிடுங்கள், அங்கேயே தங்குங்கள். நாலு காசு அவர்களுக்குப் போய்ச் சேரட்டும். யாராவது பழைய கதை சொன்னால், கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் கேளுங்கள்."

பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டுவிட்டாராம். மகனும் கூடப் போகிறான்!