பூனைக்கு வீட்டிலே ஒரு தீனி



வழமையாக வருமானவரி, ஓய்வூதியம், காப்புறுதி என்று உங்களுடன் பேசுகிற நான் சென்ற மாதம் பூனைத்தீனி பற்றிப் பேசினேன். "கணக்கு எழுதுகிற உங்களுக்குப் பூனையோடு என்ன வேலை?" என்று சில நேயர்கள் தொலைபேசியில் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் அவர்களே செய்முறையையும் எழுதித் தரச் சொன்னார்கள். அதனால் அந்த உரையைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

காரணம் என் வீட்டிலேதான் இருக்கிறது. மகள் ஒரு பூனை கொண்டுவந்தாள். அவள் வைத்த பெயர் மிங்கா. என் தாயாருக்கு அது மீனா. எண்பது வயது தாண்டிய அவருக்கு டொச் மொழி தெரியாது. நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் வீட்டில் அவரோடு தமிழில் கதை கேட்டுக்கொண்டு இருப்பது அந்தப் பூனை ஒன்றுதான். பகலில் தன் கோப்பையிலிருந்து மீன் துண்டை எடுத்து, குழம்புச் சோற்றோடு பிசைந்து அதற்கும் வைப்பார். ஊரிலே செய்தது போலத்தான்.

சில வாரங்களில் பூனை சோர்ந்து படுத்தது. முரசு வெளிறிவிட்டது. மிருக வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "வீட்டில் வெங்காயம் சேர்ந்த உணவு கொடுக்கிறீர்களா?" மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது தாயார் ஒன்றும் பேசவில்லை. பூனை தேறி வீட்டுக்கு வந்தபின்னும் ஒரு கிழமையாக அதன் பக்கம் போகவில்லை. "என்ர கையாலதானே தம்பி குடுத்தனான்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு இனி ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கொடுக்கக்கூடியது என்ன என்று தேடத் தொடங்கினேன்.

ஊரிலே சரி, இங்கே ஏன் பிழை?

ஊரிலே நாங்கள் பூனைக்குச் சோறு வைத்தது உண்மை. ஆனால் அது வளவுக்குள் எலி, பல்லி, ஓணான் என்று தானே பிடித்துத் தின்றது. மீன் வெட்டும்போது தலையும் குடலும் அதற்குத்தான். எங்கள் குழம்புச் சோறு அதற்கு ஒரு மேலதிகச் சாப்பாடு. இங்கே மூன்றாம் மாடி வீட்டில் வாழும் பூனைக்கு நாங்கள் வைப்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

பூனை முற்றிலும் ஊனுண்ணி. டோரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவில் தானே ஆக்கிக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் பெறவேண்டும். அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் பழுதாகும். 1987ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள், பூனைகளின் இதயத்தசை நோய் ஒன்றுக்கு டோரின் குறைவே காரணம் என்று காட்டினார்கள். கடையில் விற்ற உணவைத் தின்ற பூனைகளுக்கே அந்த நோய் வந்திருந்தது. அதன் பின்னரே உற்பத்தியாளர்கள் டோரினைக் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

ஆகவே நாளாந்தச் சாப்பாட்டைக் கடையில் வாங்குவதே பாதுகாப்பு. பேணியைத் திருப்பிப் பாருங்கள். "அலைன்பூற்றர்மிற்றல்" என்று இருந்தால் அது முழு உணவு. "எர்கென்சுங்ஸ்பூற்றர்மிற்றல்" என்று இருந்தால் அது துணை உணவு. அதை மட்டும் கொடுத்து வளர்க்கக் கூடாது. நாம் வீட்டில் செய்யும் தீனியும் இந்த இரண்டாவது வகைதான்.

எங்கள் சமையலில் எவை ஆகாது?

வெங்காயம், உள்ளி, லீக்ஸ் மூன்றும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். வதக்கினாலும், அவித்தாலும், தூளாக்கினாலும் அந்தக் குணம் போகாது. உடல்நிறையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதும். 4 கிலோ பூனைக்கு அது 20 கிராம். ஒரு நடுத்தர வெங்காயத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. குழம்பிலிருந்து மீனை எடுத்துக் கழுவிக் கொடுத்தாலும் சாறு ஊறித்தான் இருக்கும். சமைக்கும் முன்பே பூனைக்குரிய துண்டை எடுத்து வைத்துவிடுங்கள்.

பால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வளர்ந்த பூனைகளில் அநேகமானவற்றுக்குப் பாலிலுள்ள சீனி சமிக்காது, வயிற்றோட்டம் வரும். இனிப்பும் வேண்டாம். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்று 2005இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள மொனெல் நிலையத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதை உணரும் மரபணு பூனையில் செயலிழந்து கிடக்கிறது. சொக்லேற், முந்திரிகை வத்தல், சமைத்த எலும்பு, உப்புக் கருவாடு ஆகியவற்றையும் தவிருங்கள்.

சாப்பாடு அல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். லில்லிப் பூ. சுவாமி அறையிலும் விருந்து மேசையிலும் அழகுக்கு வைக்கிறோம். அதன் இலை, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்கக்கூடியவை. பூனை உள்ள வீட்டுக்கு லில்லி வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வீட்டுக்குள் வாழும் 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதாவது 20 கலோரி. தீனி கொடுத்த நாளில் சாப்பாட்டில் அந்த அளவைக் குறைக்கவேண்டும். வரவும் செலவும் பொருந்தாவிட்டால் மீதி பூனையின் வயிற்றில்தான் நிற்கும். எங்களுக்கு அரைக் கிலோ கூடினால் கண்ணுக்குத் தெரியாது. 4 கிலோ பூனைக்கு அது எட்டில் ஒரு பங்கு.

கோழித் தீனி: எலும்பும் தோலும் இல்லாத 200 கிராம் கோழி நெஞ்சிறைச்சியை, உப்பும் தூளும் போடாத தண்ணீரில் 20 நிமிடம் அவியுங்கள். ஆறியபின் சிறிதாக உதிர்த்து, அவித்த தண்ணீரோடு ஐஸ்கட்டித் தட்டில் போட்டு உறையவிடுங்கள். வேண்டியபோது ஒன்றை எடுத்து, நன்றாக இளகி வீட்டுச் சூட்டுக்கு வந்தபின் கொடுங்கள். 12 கிராம் இறைச்சியில் ஏறக்குறைய 20 கலோரி இருக்கும். எனவே தட்டின் ஒரு குழியில் அந்த அளவுக்கு மேல் போடாதீர்கள்.

ரூனா உருண்டை: எண்ணெயில் அல்லாமல் தண்ணீரில் போட்ட ரூனா மீன் பேணி ஒன்று, முட்டை ஒன்று, அரைத்த ஓட்ஸ் 40 கிராம். மீனை வடித்து, உப்புப் போக ஒருமுறை கழுவிப் பிழியுங்கள். மூன்றையும் பிசைந்து கொண்டல் கடலை அளவில் சிறு உருண்டைகளாக்கி லேசாகத் தட்டி, 180 பாகைச் சூட்டில் ஓவனில் 12 முதல் 15 நிமிடம் வேகவையுங்கள். ஏறக்குறைய 70 உருண்டை வரும். ஒன்றில் ஐந்து கலோரி அளவு. ஆகவே நாளுக்கு நான்கு. பிறிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். மிச்சத்தைப் பிறீசரில் வையுங்கள்.

சைவநாட்களில் என்ன செய்வது?

இது ஊன்ட்றொப் நேயர் ஒருவர் கேட்ட நல்ல கேள்வி. வெள்ளிக்கிழமைகளிலும், காமாட்சி அம்பாள் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரையும் எங்களில் பலர் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. அந்த நாட்களில் பூனைக்கும் சோறும் பருப்பும் வைக்கலாமா என்றால், கூடாது. விரதம் எங்களுடையது. பூனைக்கு அது பட்டினி. திருவிழாவுக்கு முன்பே தீனியைச் செய்து பிறீசரில் வைத்துவிடுங்கள். அதற்கென்று ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு தட்டு என்று வேறாக வைத்திருந்தால் ஆசாரமும் கெடாது. பேணி உணவுக்கோ சமையலே தேவையில்லை.

வைத்தியரிடம் எப்போது?

முரசு வெளிறுதல், கடும் சோர்வு, கருஞ்சிவப்புச் சிறுநீர் கண்டால் உடனே போங்கள். லில்லியைக் கடித்தது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். ஒரு நாள் முழுவதும் ஒன்றும் தின்னாவிட்டாலும் தொலைபேசி எடுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரல் கெட்டுவிடும். 2022 நவம்பர் 22 முதல் நடைமுறையிலுள்ள கட்டண ஒழுங்கின்படி, பூனைக்கான பொதுப் பரிசோதனை வரி சேர்க்காமல் ஒற்றை மடங்கில் 23.62 யூரோ. இரவிலும் வாரவிடுமுறையிலும் அவசர சேவைக்குப் போனால் 50 யூரோ தனியாகவும், குறைந்தது இரட்டை மடங்குக் கட்டணமும் வரும். நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ள பூனைக்கு இந்தத் தீனிகளையும் கேட்டுவிட்டே கொடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இரு கிழமைக்கு ஒருமுறை தாயார் ரூனா உருண்டை பிடிக்கிறார். காலையில் நான்கை எண்ணி ஒரு சிறு மூடிப் பேணியில் போட்டு வைப்பார். அது முடிந்தால் அன்றைக்கு முடிந்ததுதான். "நாலு போதுமோ தம்பி, பாவமெல்லோ?" என்று இடைக்கிடை கேட்பார். போதும் என்று சொல்லுவேன். கணக்கில் அவருக்கு என்னிடம் நம்பிக்கை உண்டு.

உங்கள் வீட்டுப் பூனைகளின் கதைகளையும் கேள்விகளையும் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் மீண்டும் வரிக்கணக்கோடு சந்திப்போம்.