நீலகிரியின் அருவிகளும் பள்ளத்தாக்குகளும்

மலைநாட்டைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அருவியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். ஊர்ப்பணியில் ஈடுபட்டுள்ள நாம் அவ்வளவில் நின்றுவிடுதல் ஆகாது. அந்நீர் எங்கே தோன்றுகிறது, எவ்வழியே செல்கிறது, எந்தெந்த ஊர்களுக்குப் பயன்படுகிறது, அடுத்த தலைமுறைக்கும் அது கிடைக்குமா என்பவற்றைக் கேட்டறிவது நம் கடமையாகும். இக்கேள்விகளுக்கு விடை காண நீலகிரியினும் சிறந்த இடம் நம் மாநிலத்தில் அரிது. அங்குள்ள அருவிகளையும் மலையிடுக்குகளையும் பள்ளத்தாக்குகளையும் முறையாகச் சுற்றிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். அருவியின் உயிர் அது விழும் பாறையில் இல்லை. அதற்கு மேலுள்ள நிலத்தில்தான் இருக்கிறது.

மலை அமைந்த விதம்

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கூடும் இடத்தில் நீலகிரி அமைந்துள்ளது. மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். அதன் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுள்ளது. இம்மலை பெரும்பாலும் சார்னோகைட் எனப்படும் மிகக் கடினமான பாறையால் ஆனது. அப்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானது என்று நிலவியலார் கூறுவர்.

மலையின் வடக்கிலும் தெற்கிலும் பண்டைக் காலத்தில் நிலத்தில் உண்டான இரு பெரும் பிளவுப் பட்டைகள் உள்ளன. வடக்குப் பட்டையை ஒட்டி மாயாறும், தெற்குப் பட்டையை ஒட்டிப் பவானியும் ஓடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே நீலகிரி ஒரு பெரிய மேசையைப் போல் உயர்ந்து நிற்கிறது. மேசையின் மேற்பரப்பு அலையலையான குன்றுகளும் தாழ்நிலங்களும் கொண்டது, ஓரங்களோ செங்குத்தானவை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயில் 46 கிலோமீட்டர் தொலைவுக்குள் சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறது என்பதைக் கொண்டே அச்சரிவின் கடுமையை அறியலாம்.

இவ்வமைப்பே இங்கு அருவிகள் மிகுந்திருப்பதற்குக் காரணம். மேற்பரப்பில் மெல்ல வளைந்து நெளிந்து வரும் ஓடை, மேசையின் விளிம்பை அடைந்ததும் திடீரெனக் கீழே பாய்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் ஒரே இடத்தில் பாய்ந்த நீர் பாறையை அறுத்து இடுக்காக்குகிறது. அறுத்தெடுத்த மண்ணைக் கீழே பரப்பிப் பள்ளத்தாக்கை வளமாக்குகிறது. எனவே மேட்டுநிலம், அருவி, மலையிடுக்கு, பள்ளத்தாக்கு ஆகிய நான்கும் தனித்தனிக் காட்சிகள் அல்ல. ஒரே நீரின் நான்கு நிலைகள்.

காணத்தக்க இடங்கள்

கோத்தகிரிக்கு அருகில் அரவேணுவுக்கு அப்பால் உள்ள கேத்தரின் அருவி சுமார் 250 அடி உயரத்திலிருந்து விழுகிறது. இதன் முழுத் தோற்றத்தையும் காண விரும்புவோர் குன்னூர்ப் பக்கத்திலுள்ள டால்பின் மூக்கு என்னும் பாறை முனைக்குச் செல்லலாம். அங்கிருந்து நோக்கினால் இடையே அகன்று ஆழ்ந்த பள்ளத்தாக்கும், எதிர்மலையில் வெள்ளிக் கோடு போன்ற அருவியும் ஒருசேரத் தெரியும். உதகையிலிருந்து சீகூர் வழியாக மைசூர் செல்லும் சாலையில் கல்லட்டி அருவி உள்ளது. அச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே குளிர்நாடு மாறி முட்புதர்க் காடு தொடங்குவதைக் காணலாம்.

மாயாறு பாறையை அறுத்து உண்டாக்கிய ஆழ்ந்த இடுக்கு சுமார் 20 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் தென்கரையில் முதுமலையும் சீகூரும், வடகரையில் கர்நாடகத்தின் பந்திப்பூரும் உள்ளன. இது புலிகளும் யானைகளும் வாழும் காப்புக்காடாதலால் இறங்கிப் பார்க்க எவரும் முனையக் கூடாது. கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாற்றுப் பள்ளத்தாக்கையும், அதன் நடுவே வயல் சூழ்ந்த தெங்குமரகடா ஊரையும் நன்கு காணலாம்.

மாயாற்றங்கரையின் உயர்ந்த நீர்மருத மரங்களில் வெண்முதுகுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. நம் நாட்டில் இவ்வினம் அழிவின் விளிம்புக்குச் சென்றதற்குக் கால்நடைகளுக்கு வலி நீங்கத் தரப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே முதற் காரணம் எனக் கண்டறியப்பட்டது. அம்மருந்து ஏறிய மாடு இறந்தால், அதைத் தின்ற கழுகும் சிறுநீரகம் கெட்டு மடிந்தது. ஆகவே 2006-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. மனிதருக்கென விற்கப்படும் அம்மருந்தை மாட்டுக்குச் செலுத்தலாகாது என்பதை மாடு வளர்ப்போர்க்கு எடுத்துரைப்பது ஊர்ப்பணியாளரின் பொறுப்பாகும். மலையிடுக்கிலுள்ள ஒரு பறவையின் வாழ்வு நம் மாட்டுத் தொழுவத்தோடு இவ்வாறு பிணைந்துள்ளது.

ஒரே நீரின் பல உழைப்பு

முக்குருத்தி மலைப்பகுதியில் தோன்றும் பைக்காரா ஆறு தோடர் குல மக்களால் புனிதமாகப் போற்றப்படுவது. உதகை–கூடலூர்ச் சாலைக்கு அருகே அது அருவியாக விழுகிறது. மேலேயுள்ள அணைகளில் தேக்கப்பட்ட அதன் நீர், 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்களின் வழியே சிங்காராவுக்கு இறங்கி மின்சாரம் தந்தது; அம்மின்நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து வெளிவரும் நீரை மீண்டும் தேக்கி, 1952-இல் தொடங்கப்பட்ட மாயாறு மின்நிலையத்திற்குப் பயன்படுத்தினர்.

பைக்காரா ஆறே கீழே இறங்கியபின் மாயாறு எனப் பெயர் பெற்றுப் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1955-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையிலிருந்து செல்லும் கீழ்பவானி வாய்க்கால், கொங்கு நாட்டில் 2 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் அளிக்கிறது. முக்குருத்திப் புல்வெளியில் பெய்த மழைத்துளி இருமுறை விளக்கேற்றிப் பின்னர் வயலையும் நனைக்கிறது. மலையின் நலம் மலைவாழ் மக்களுக்கு மட்டுமே உரியது என்று சமவெளி உழவர் எண்ணுதல் பொருந்தாது.

சோலையும் புல்வெளியும்

மழை ஆண்டில் சில திங்களே பெய்கிறது. ஆயினும் காக்கப்பட்ட மலையோடை கோடையிலும் வற்றுவதில்லை. மலைமுகடுகளில் புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும், தாழ்விடங்களில் சதுப்பும் இயற்கையாக அமைந்திருப்பதே இதற்குக் காரணம். புல்லின் வேர்கள் மண்ணை இறுகப் பிடித்து மழைநீரை உள்ளே இறங்கச் செய்கின்றன. சோலையின் இலைக்குப்பையும் சதுப்பின் கருமண்ணும் பஞ்சு போல் நீரை ஏற்று, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. மேலே உள்ள இப்பஞ்சுதான் கீழே விழும் அருவிக்குக் கருவூலம்.

விறகுக்காகவும் தொழில்களுக்காகவும் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் இங்குக் கொண்டுவரப்பட்டன. நாளடைவில் புல்வெளிகளின் பெரும்பகுதியை அவை பிடித்துக்கொண்டன. சீகை தானே பரவி, புல் தலையெடுக்க இடமின்றிச் செய்கிறது. சதுப்புகள் பலவும் தூர்க்கப்பட்டுக் காய்கறித் தோட்டங்களாகவும் கட்டிடங்களாகவும் மாறின. விளைவு என்ன? மழை மிகுந்த இம்மலையிலேயே கோடையில் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் குடியிருப்புகள் உள்ளன.

கேத்தி போன்ற பள்ளத்தாக்குகளில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவை செழித்து விளைகின்றன. சரிவுக்குக் குறுக்கே படிக்கட்டு நிலம் அமைத்த இடங்களில் மண் நிற்கிறது. சரிவின் போக்கிலேயே பாத்தி பிடித்த இடங்களில் ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் அணைக்குச் செல்கிறது. உதகையில் 1954-இல் நிறுவப்பட்ட மண்வள ஆராய்ச்சி நிலையமும், 1975-இல் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டமும் வலியுறுத்திய முதற்பாடம் இதுவே.

மழையின் மறுபக்கம்

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. 1978, 1979, 1993, 2009 ஆகிய ஆண்டுகளின் மழைக்காலங்களில் மண்சரிவுகள் நிகழ்ந்தன; 2009 நவம்பரில் மட்டும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடும் மழையில் மண்ணுக்குள் நீர் நிறைந்து எடை கூடும், பிடிப்புத் தளரும். அத்தறுவாயில் அடிவாரம் வெட்டப்பட்டிருந்தாலும், இயற்கை வடிகால் அடைக்கப்பட்டிருந்தாலும் சரிவு முழுவதும் பெயர்ந்து விழும். மழையை நாம் தடுக்க இயலாது. வடிகாலைத் திறந்து வைக்க இயலும்.

செல்வோர் அறிய வேண்டுவன

அருவிக்குச் செல்வோர் தம் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் நம்புதல் தவறு. இங்கே வெயில் காயும்போது மேல்மலையில் பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் விரைந்து வருதல், இரைச்சல் கூடுதல் ஆகியவை வெள்ளத்தின் முன்னறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை எடுக்க நில்லாமல் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். அணைகளுக்குக் கீழுள்ள ஆறுகளில் நீர் திறக்கப்படுவதும் உண்டாதலால், எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கலாகாது. பாசி படிந்த பாறை கண்ணுக்குக் காய்ந்தது போல் தோன்றினும் காலை வாரிவிடும். கண்ணாடிப் புட்டியையும் பிளாஸ்டிக்கையும் ஓடையில் எறிவோர், கீழேயுள்ள ஊரின் குடிநீரிலேயே எறிகின்றனர். 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி வெளியூர் வாகனங்களுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு முறை கொண்டுவரப்பட்டதும், இம்மலை தாங்கக்கூடிய சுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை உணர்த்தவே.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஊரிலுள்ள ஊற்றுகளையும் சதுப்புகளையும் ஒன்றுவிடாமல் கணக்கெடுத்து ஊராட்சிப் பதிவேட்டில் எழுதி, கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். பதிவில் இல்லாத ஊற்று பறிபோவதை எவரும் கேட்பதில்லை. இரண்டாவதாக, ஊற்றுக்கு மேலுள்ள சரிவில் சீகையை அகற்றிப் புல்லும் சோலை மரக்கன்றுகளும் வளர்க்க வனத்துறையின் இசைவோடு முயல வேண்டும். மூன்றாவதாக, பருவமழைக்கு முன்னரே வடிகால்களைத் தூர்வார வேண்டும். நான்காவதாக, காண வருவோர்க்கு வழிகாட்டும் வேலையை உள்ளூர் இளைஞருக்கும், சிற்றுண்டி விற்கும் வாய்ப்பை மகளிர் குழுக்களுக்கும் அளிக்கலாம். அருவி வற்றினால் தம் வருவாயும் வற்றும் என்று அறிந்தவர்கள் அதன் மேல்நிலத்தைத் தாமே காப்பர்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் முதலிய மக்கள் பலகாலமாக இம்மலையின் ஓடைகளை நம்பி வாழ்ந்து வருகின்றனர். எந்த ஊற்று எந்தத் திங்களில் மெலியும் என்பதை அவர்களுள் முதியோர் நன்கறிவர். கணக்கெடுப்புக்குச் செல்லும் பணியாளர் முதலில் அவர்களிடம் கேட்டறிந்து, பின்னர் மலையேறுதல் நலம். அருவியைப் பார்க்க விரும்பும் அன்பர்களுக்கும் நாம் கூறுவது இதுவே: அடியில் நின்று கண்டு மகிழ்ந்தபின், அனுமதியுள்ள வழியே மேலேயும் சென்று, நீர் கசியும் அச்சிறு நிலத்தையும் பார்த்து வாருங்கள். காக்க வேண்டியது எது என்பதை அதுவே காட்டும்.