தீர்ப்புக்குப் பின் எழுந்த குரல்கள்

நுழையும்முன்

பொதுத்தேர்தலில் தோற்றவர்க்கு அடுத்த தேர்தல் இருக்கிறது. சில ஆண்டுகள் காத்திருந்து மக்கள் தம் முடிவை மாற்றிக்கொள்ளலாம். ஆனால், பல தலைமுறைகளின் வாழ்வைத் தீர்மானிக்கும் முடிவை ஒரே நாளில், ஒரே கேள்விக்கு விடையாக எடுக்கவேண்டிய நிலை ஒரு நாட்டுக்கு வந்தால் என்ன நிகழும்? வென்றவர் எவ்வாறு நடந்துகொள்வர்? தோற்றவர் அதனை எவ்வாறு ஏற்பர்? ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வாக்களித்த பிரிட்டன் மக்களின் பட்டறிவைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

இணைந்த வரலாறு

இரண்டாம் உலகப்போரின் அழிவிலிருந்து மீண்ட ஐரோப்பிய நாடுகள், தமக்குள் மீண்டும் போர் மூளாதிருக்க வணிகத்தால் பிணைந்துகொள்ள விரும்பின. 1957ஆம் ஆண்டு ரோம் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி ஆறு நாடுகள் சேர்ந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை அமைத்தன. பிரிட்டன் 1973ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அதில் இணைந்தது. இரண்டாண்டுகள் கழித்து, தொடர்ந்து நீடிக்கலாமா என மக்களிடம் கேட்கப்பட்டபோது வாக்களித்தோரில் 67 விழுக்காட்டினர் நீடிக்கலாம் என்றனர். அச்சமூகம் பின்னாளில் 28 நாடுகளைக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது.

ஒன்றியத்திற்குள் பொருளும் முதலும் தடையின்றிச் சென்றன. ஒரு நாட்டின் குடிமகன் மற்றொரு நாட்டில் குடியேறி வேலை செய்யவும் உரிமை பெற்றான். 2004ஆம் ஆண்டு போலந்து உள்ளிட்ட கிழக்கு ஐரோப்பிய நாடுகள் இணைந்தபின், அந்நாடுகளின் தொழிலாளர் பிரிட்டனுக்குப் பெருந்தொகையாக வந்தனர். வயல்களும் மருத்துவமனைகளும் கட்டுமான நிறுவனங்களும் அவர்களால் பயன்பெற்றன. அதே வேளையில், தம் ஊரின் முகம் மாறுகிறதே என்ற மனக்குறையும் சட்டங்கள் வேறெங்கோ இயற்றப்படுகின்றனவே என்ற ஆதங்கமும் மக்களில் ஒரு பகுதியினரிடம் வளர்ந்தன. 2008இல் நேர்ந்த நிதி நெருக்கடியும், அதனைத் தொடர்ந்து அரசு மேற்கொண்ட செலவுக்குறைப்பும் அக்குறையை மிகுவித்தன. இந்நிலையில், தம் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தால் மக்களிடமே முடிவைக் கேட்பதாகத் தலைமை அமைச்சர் டேவிட் கேமரன் 2013இல் உறுதியளித்தார். 2015ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் வென்றார். உறுதிமொழியை நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

ஒரு நாள், ஒரு கேள்வி

2016ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் பொதுவாக்கெடுப்பு நடைபெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்பதே வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி. தகுதியுடையோரில் 72 விழுக்காட்டினர் வாக்களித்தனர். வெளியேறலாம் என்றோர் ஏறத்தாழ 1 கோடியே 74 இலட்சம் பேர்; நீடிக்கலாம் என்றோர் ஏறத்தாழ 1 கோடியே 61 இலட்சம் பேர். 51.9 விழுக்காடு, 48.1 விழுக்காடு எனத் தீர்ப்பு வெளியானது.

இந்த எண்கள் நாடெங்கும் ஒரே சீராக அமையவில்லை. இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேற வாக்களித்தன. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் 56 விழுக்காட்டினரும் நீடிக்க விரும்பினர். தலைநகர் லண்டனில் பத்தில் அறுவர் நீடிக்கலாம் என்றனர். லிங்கன்சயர் பகுதியில் உள்ள பாஸ்டன் நகரிலோ நான்கில் மூவர் வெளியேறலாம் என்றனர். இளையோரில் பெரும்பான்மையினர் நீடிக்கவும் முதியோரில் பெரும்பான்மையினர் வெளியேறவும் விரும்பியதைக் கருத்தாய்வுகள் காட்டின. ஒரே வீட்டில் பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமும் நின்றனர்.

தெரிந்து தெளிவோம்

பிரிட்டன் என்னும் பெயரையும், வெளியேறுதல் என்னும் பொருள்தரும் 'எக்சிட்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து உருவாக்கிய சொல்லே 'பிரெக்சிட்'. காலின்ஸ் அகராதி இதனை 2016ஆம் ஆண்டின் சிறந்த சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. இவ்வாக்கெடுப்பில், பிரிட்டனில் வாழும் இந்தியா, இலங்கை உள்ளிட்ட காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களும் வாக்களிக்க முடிந்தது. ஆனால், அங்கு நெடுங்காலம் வாழ்ந்த பிரான்சு, போலந்து நாட்டுக் குடிமக்களுக்கு அவ்வுரிமை இல்லை.

வென்றோரின் மகிழ்ச்சி

வாக்கு எண்ணிக்கை நடந்த இரவில் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள சண்டர்லாந்து நகரின் முடிவு தொடக்கத்திலேயே வெளியான முடிவுகளுள் ஒன்று. அங்கு 61 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்திருந்தனர். அந்த அறிவிப்பைக் கேட்டவர்கள் எழுப்பிய ஆரவாரத்தை நாடே தொலைக்காட்சியில் கண்டது. கப்பல் கட்டும் தளங்களையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் இழந்த நகரம் அது. நாட்டின் வளர்ச்சி தம்மை வந்தடையவில்லை என எண்ணிய ஊர்கள் பலவற்றில் இத்தகைய மகிழ்ச்சி பொங்கியது.

கிரிம்ஸ்பி போன்ற மீன்பிடித் துறைமுகங்களின் மக்கள், தம் கடலில் தாம் பிடிக்க வேண்டிய மீனின் அளவைப் பிற நாடுகளும் சேர்ந்து முடிவு செய்வதை நெடுங்காலமாக வெறுத்துவந்தனர். தம் நாட்டுச் சட்டத்தைத் தம் நாடாளுமன்றமே இயற்றவேண்டும் என்பது வேறு பலரின் வேட்கை. வெளியேறும் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான நைஜல் ஃபராஜ், ஜூன் 23ஐ நாட்டின் விடுதலை நாள் என்றே குறிப்பிட்டார். வென்றோர் அனைவரையும் அயலாரை வெறுப்பவர் என ஒதுக்கிவிட இயலாது. தம் குரலை எவரும் கேட்பதில்லை என்று நினைத்திருந்தவர்கள், ஆட்சியாளர் செவிகொடுத்தே ஆகவேண்டிய வாய்ப்பாக அவ்வாக்கெடுப்பைக் கண்டனர்.

தோற்றோரின் கலக்கம்

மறுநாள் விடியற்காலையிலேயே பவுண்டின் மதிப்பு, அமெரிக்க டாலருக்கு எதிராக 31 ஆண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. அன்று காலையிலேயே கேமரன் பதவி விலகும் முடிவை அறிவித்தார். மற்ற நாடுகளில் படிக்கவும் பணிபுரியவும் தமக்கிருந்த உரிமையை மூத்தோர் பறித்துவிட்டனர் என இளையோர் பலர் வருந்தினர். அயர்லாந்து வழிவந்தோர் அந்நாட்டுக் கடவுச்சீட்டைப் பெற விரைந்தனர். ஸ்காட்லாந்தில் தனிநாட்டுக் கோரிக்கை மீண்டும் எழுந்தது. ஜூலை 2ஆம் நாள் பல்லாயிரவர் லண்டன் வீதிகளில் ஐரோப்பியக் கொடியுடன் பேரணி சென்றனர்.

இரண்டாவது வாக்கெடுப்பு வேண்டும் என்னும் இணையவழி மனுவில் 41 இலட்சத்திற்கும் மேற்பட்ட கையொப்பங்கள் குவிந்தன. வென்ற தரப்பு 60 விழுக்காட்டை எட்டாமலும் வாக்களித்தோர் 75 விழுக்காட்டை எட்டாமலும் இருந்தால் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்பது அதன் வேண்டுகோள். வியப்புக்குரிய செய்தி யாதெனில், அம்மனுவை வாக்கெடுப்புக்கு முன்பே தொடங்கியவர் வெளியேறும் தரப்பைச் சேர்ந்தவர். தம் தரப்பு தோற்றுவிடும் என அஞ்சி அவர் தொடங்கிய மனு, எதிர்த்தரப்பின் படைக்கலமாயிற்று. நீடிப்போர் 52க்கு 48 என வென்றால் அத்துடன் இச்சிக்கல் முடிந்துவிடாது என்று ஃபராஜும் முன்னரே கூறியிருந்தார். முடிவு அதே அளவில் மறுதரப்புக்குக் கிடைத்தபோது, அது இறுதித் தீர்ப்பு என்றனர் வென்றோர். நடுவுநிலை பற்றிய கருத்து, வெற்றி தோல்விக்கேற்ப இரு தரப்பிலும் இடம் மாறியதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

அச்சமும் அரவணைப்பும்

வாக்களிக்க உரிமையின்றி அத்தீர்ப்பின் விளைவைச் சுமக்க நேர்ந்தவர்கள், அந்நாட்டில் வாழ்ந்த ஏறத்தாழ 30 இலட்சம் ஐரோப்பியக் குடிமக்கள் ஆவர். அவர்கள் தம் வேலையும் வீடும் நிலைக்குமா எனக் கலங்கினர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2016 ஜூலையில் பதிவான இன, சமய வெறுப்புக் குற்றங்கள், முந்தைய ஆண்டு அதே மாதத்தைவிட 41 விழுக்காடு மிகுந்திருந்தன. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னர், நீடிக்க வேண்டும் எனப் பரப்புரை செய்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தம் தொகுதியிலேயே கொலை செய்யப்பட்டிருந்தார். அரசியல் கருத்து வேறுபாடு பகையாக முற்றினால் எங்குக் கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அக்கொடுஞ்செயலே சான்று.

வெறுப்பு தலைதூக்கிய இடத்தில் அன்பும் வெளிப்பட்டது. லண்டனில் உள்ள போலந்துப் பண்பாட்டு மையத்தின் வாயிலில் இழிமொழி எழுதப்பட்ட செய்தி பரவியதும், மலர்க்கொத்துகளும் வாழ்த்து அட்டைகளும் அங்கு வந்து குவிந்தன. 'எங்கள் அருகில் நீங்கள் அச்சமின்றி இருக்கலாம்' என்பதற்கு அடையாளமாகப் பலர் தம் சட்டையில் ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டனர்.

எண்ணிக்கை சொல்லாதவை

வெளியேறலாம் என்று கூறிய தீர்ப்பு, எவ்வாறு வெளியேறுவது என்பதைக் கூறவில்லை. ஒன்றியத்திற்கு வாரந்தோறும் அனுப்பும் 35 கோடி பவுண்டை மருத்துவத்திற்குச் செலவிடலாம் என ஒரு பேருந்தில் எழுதிப் பரப்புரை செய்யப்பட்டது. அத்தொகை மக்களைத் தவறாக எண்ணச் செய்வது என நாட்டின் புள்ளியியல் ஆணையம் கூறியிருந்தது. ஒன்றியத்திடமிருந்து பெரும் நிதியுதவி பெற்றுவந்த கார்ன்வால் பகுதி வெளியேற வாக்களித்தது. தீர்ப்பு வந்ததும், அந்நிதிக்கு ஈடு கிடைக்குமா என அதன் மன்றம் அரசிடம் உறுதி கேட்டது.

விதிகளிலும் தெளிவில்லை. 1979ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக்குத் தனி மன்றம் அமைப்பது குறித்து நடந்த வாக்கெடுப்பில், மொத்த வாக்காளரில் 40 விழுக்காட்டினரின் இசைவு தேவை என முன்பே வரையறுக்கப்பட்டிருந்தது. வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் இசைந்தும், அவ்வரம்பை எட்டாமையால் அத்திட்டம் அன்று கைவிடப்பட்டது. 2016இல் அத்தகைய வரம்பு ஏதும் விதிக்கப்படவில்லை. அரசு தானே வெளியேற்றத்தைத் தொடங்கலாமா, நாடாளுமன்றத்தின் இசைவு வேண்டுமா என்பதையும் பின்னர் உச்ச நீதிமன்றமே முடிவு செய்ய நேர்ந்தது. நாடாளுமன்றத்தின் இசைவு தேவை என 2017 ஜனவரியில் அது தீர்ப்பளித்தது.

2017 மார்ச்சில் வெளியேறும் நடைமுறை முறைப்படி தொடங்கியது. தலைமை அமைச்சர் தெரசா மே கொண்டுவந்த உடன்பாட்டை 2019இல் நாடாளுமன்றம் மும்முறை நிராகரித்தது. அவ்வாண்டு மார்ச்சில், மறுவாக்கெடுப்பு கேட்டுப் பல இலட்சம் பேர் லண்டனில் திரண்டனர்; தாமதத்தைக் கண்டித்து வெளியேறும் தரப்பினர் சண்டர்லாந்திலிருந்து தலைநகர் நோக்கி நடைப்பயணம் மேற்கொண்டனர். 2020 ஜனவரி 31ஆம் நாள் இரவு பதினொரு மணிக்குப் பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியது. அவ்விரவில் நாடாளுமன்றத்தின் எதிரே ஒரு கூட்டம் கொடியசைத்துப் பாடியது; எடின்பரோவில் மற்றொரு கூட்டம் ஐரோப்பாவை எண்ணி விளக்கேற்றியது.

நிறைவாக

பெரும்பான்மையின் முடிவை ஏற்பது மக்களாட்சியின் அடிப்படை. அம்முடிவுக்கு உடன்படாத சிறுபான்மையினரும் அதே மண்ணில்தான் வாழப்போகின்றனர் என்பதை வென்றோர் நினைவில் கொள்வதும் அதற்கு இணையான கடமை. முடிவு தமக்குச் சாதகமாகுமா என அறியாத நிலையிலேயே விதிகளை வகுத்துக்கொண்டால், தோற்றவரும் அவற்றை மதிப்பர். வாக்குகளை ஓர் இரவில் எண்ணிவிட முடிந்தது. அவ்வாக்குகளுக்குப் பின்னிருந்த மனக்குறைகளையும் அச்சங்களையும் கேட்டறிவதற்கு அந்நாட்டுக்கு நான்கு ஆண்டுகளும் போதவில்லை.